நூற்றைம்பதும் இருநூற்றுப் பத்தும்

எதைப் போடட்டுங்க சார் என்று டயர் கடை தேவகி மூன்றாம் தடவையாகக் கேட்டாள். நாச்சிமுத்து காதில் விழாத மாதிரி இரண்டு டயர்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்தார் என்று பேர்தான், கண்ணில் ஒன்றும் ஏறவில்லை. இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே பருமன், மூக்கை அரிக்கிற அதே புது ரப்பர் வாசனை. பக்கவாட்டில் நூற்று நாற்பது, எழுபது, பதினேழு என்று அளவு அச்சடித்தாற்போல ஒன்றாக இருந்தது. அதற்குப் பிறகு அறுபத்தாறு. அதுவும் ஒன்றுதான். அறுபத்தாறு என்றால் முந்நூறு கிலோ தாங்கும் என்று தேவகி சொல்லியிருந்தாள். முந்நூறு கிலோ. மகள் சிந்து பிறந்தபோது இரண்டு கிலோ நூறு கிராம் இருந்தாள். அவர் அன்றைக்கு ஜோலார்பேட்டையில் ரயில் டிரைவர்கள் தங்குகிற ரன்னிங் ரூமில் படுத்திருந்தார், மூன்றாம் நாள்தான் வந்து பார்த்தார், கையில் வாங்கப் பயந்துகொண்டு தொட்டிலோடு பார்த்தார். இப்போது ஐம்பத்திரண்டு கிலோ இருப்பாளா, சாப்பிட்டால்தானே இருப்பாள், அவளுக்கு முந்நூறு கிலோ தாங்குகிற டயர். அது கிடக்கட்டும், கடைசியில் ஒரு எழுத்து இருந்தது, சிக்கலே அதில்தான். ஒன்றில் பி. இன்னொன்றில் ஹெச். பி போட்டது மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். ஹெச் போட்டது இருநூற்றுப் பத்து வரை. வெளியே சிந்துவின் பைக் பின்சக்கரம் இல்லாமல் ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. தேவகியின் வீட்டுக்காரர் பழைய டயரை ரிம்மிலிருந்து கழற்றிப் போட்டுவிட்டு, இவர் வாயைத் திறக்கட்டும் என்று மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

இத்தனைக்கும் குழப்பத்துக்கு இடமே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து சிந்து போனில் ஒவ்வொரு எண்ணாகச் சொல்லச் சொல்ல இவர் காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதிக்கொண்டார். அங்க விட்டுட்டு வந்த வண்டில பின் டயர் சுத்தமா வழுக்கையாயிடுச்சுப்பா, நான் வெள்ளிக்கிழம சாயங்காலம் பஸ்ல வர்றதுக்குள்ள மாத்தி வெச்சிருங்க, சனிக்கிழம காலைல வண்டிய எடுத்துட்டுக் கெளம்பிருவேன், கடைசி எழுத்து ஹெச்சான்னு பாத்து வாங்குங்க, எதையாவது தலையில கட்டிருவாங்க என்றாள். எனக்கே சொல்றியா என்றார். முப்பத்துநான்கு வருஷம் ரயில் இன்ஜின் ஓட்டியவர். ஹெச் என்று எழுதி அடியில் கோடும் போட்டார். அந்தத் தாள் இப்போது சட்டைப் பையில்தான் இருந்தது. தேவகியிடம் அதை அப்படியே நீட்டியிருந்தால் இந்நேரம் டயர் ஏறி வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம். நீட்டவில்லை. அளவை மட்டும் வாயால் சொல்லிவிட்டு, அதிலேயே கொறஞ்ச எழுத்து ஏதாச்சும் இருக்குங்களா என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சட்டைப் பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பொய் சொல்லிப் பழகாத ஆள். காலையில் அந்த உயரமான வண்டியில் முட்டி வலியோடு காலைத் தூக்கிப் போடுவதற்கே படாத பாடு பட்டு, கொல்லம்பாளையம் வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டரை இருபது கிலோமீட்டர் வேகத்தில், இரண்டு காலும் ரோட்டைத் தேய்க்காத குறையாக வந்து சேர்ந்தவரை, ஏனுங்க சார், வண்டிய ஓட்டீட்டு வந்தீங்களா, கூட்டீட்டு வந்தீங்களா என்று தேவகி கேட்டாள். அவரும் சிரித்தார். அவள் சிரிக்கட்டும், அவளுக்கென்ன தெரியும், இந்த ஆள் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லாத ஒரு திட்டத்தை மனசுக்குள் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று.

திட்டம் ரயில்வே திட்டம். ஒரு வண்டி எத்தனை வேகத்தில் போகலாம் என்பது அதில் இருக்கிற எல்லாவற்றிலும் குறைந்த வேகத்தைப் பொறுத்தது. இன்ஜின் நூற்று நாற்பதுக்கு லாயக்கு, பெட்டிகள் நூற்றுப் பத்து, தண்டவாளம் நூற்று முப்பது, நடுவில் எழுபத்தைந்துக்கு மேல் ஆகாது என்று ஒரு நோஞ்சான் பெட்டியைக் கோத்துவிட்டால் முழு வண்டியும் எழுபத்தைந்துதான். பேச்சே இல்லை. டிரைவருக்கு அதைக் காஷன் ஆர்டர் என்று காகிதத்தில் எழுதிக் கொடுப்பார்கள், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு அவர் எழுபத்தைந்தில் போவார். எத்தனையோ தடவை போயிருக்கிறார், ஒரு பெட்டிக்காக இருபது பெட்டியும் அடங்கி ஒடுங்கி வரும். அதைப் போல சிந்துவின் வண்டியில் ஒரு பி டயரைக் கோத்துவிட்டால் அது நூற்றைம்பது வண்டி ஆகிவிடும். அவ்வளவுதான். ஹெச் கிடைக்கல சாமி, இதுதான் இருந்துச்சு என்று சொல்லிவிட்டால் முடிந்தது. நூற்றைம்பதும் நல்ல வேகமில்லைதான். ஆனால் நூற்றறுபதைவிடப் பத்து குறைச்சல். ஏனென்றால் போன மாசம் அவள் நூற்றறுபது போனாள். அவளே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, கிருஷ்ணகிரி தாண்டி, ரோடு காலியா இருந்துச்சுப்பா, நூத்தி அறுபது பாத்தேன், உங்கள விட அம்பது ஜாஸ்தி, அம்மாகிட்ட சொல்லிராதீங்க என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். சர்வீஸ் முழுக்க அவர் நூற்றுப் பத்தைத் தாண்டியதில்லை என்பது அவளுக்குத் தெரியும். இவரும் சிரித்து வைத்தார். போனை வைத்துவிட்டுப் போய் முகம் கழுவினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டினால் நாளைக்குச் சொல்லமாட்டாள். போவது நிற்காது, சொல்வதுதான் நிற்கும். எத்தனை பிள்ளை அப்பனிடம் இதையெல்லாம் சொல்கிறது. அவள் சொல்கிறாள். அது ஒரு கொடுப்பினை, அதைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்காகச் சும்மாவும் இருக்க முடியவில்லை, சாப்பிடும்போது நூற்றறுபது, பல் விளக்கும்போது நூற்றறுபது, மனைவி ருக்மணி என்னங்க யோசன என்றால் ஒண்ணுமில்லயே.

ருக்மணிக்கு ரயில் கதை பாதிதான் தெரியும். அந்தக் கேட் கதை தெரியாது. காலை வண்டி, நூற்று ஐந்தில் போய்க்கொண்டிருந்தது, வளைவு முடிந்து நேர் தண்டவாளம், தூரத்தில் கேட் மூடித்தான் இருந்தது. மூடியிருந்த கேட்டுக்கு அடியில் ஒரு பையன் பைக்கைச் சாய்த்து நுழைத்துக்கொண்டிருந்தான். நுழைத்து, தண்டவாளத்தின் மேல் வந்து, அங்கே வண்டி மாட்டிக்கொண்டது. அறுநூறு மீட்டர் இருக்கும். நாச்சிமுத்து ஹாரனை அமுக்கினார், எமர்ஜென்சி பிரேக்கைப் போட்டார், அதோடு அவர் வேலை முடிந்தது. அது யாருக்கும் புரியாது. பிரேக் போட்டால் வண்டி நிற்கும் என்றுதான் உலகம் நினைக்கிறது. அந்த வேகத்தில் ரயில் நிற்க முக்கால் கிலோமீட்டருக்கு மேல் ஆகும். மிச்சமிருந்த இருபது, இருபத்தைந்து விநாடி அவருக்கு எந்த வேலையும் கிடையாது, கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்க்க வேண்டியதுதான். விடுறா சாமி, விட்டுட்டு ஓடுறா என்று சொன்னார், அசிஸ்டென்ட்டுக்கு மட்டும்தான் கேட்டது. பையன் வண்டியை இழுத்தான், இழுத்தான், கடைசியில் விட்டுவிட்டுக் குதித்தான். பிழைத்தான். பைக்தான் போயிற்று. ரயில் முக்கி முனகி நின்ற பிறகு இறங்கிப் பின்னால் நடந்து போனார்கள். வழியில் ஒரு சக்கரம் சரளைக்கல் சரிவில் டயரோடு கிடந்தது, சின்னக் கீறல்கூட இல்லை. பையன் மைல் கல்லில் உட்கார்ந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். நாச்சிமுத்து அடிக்கலாம் என்றுதான் போனார், போய் அவன் தலையைத் தடவிவிட்டு வந்தார். அப்போது சிந்துவுக்கு ஒன்பது வயசு. அதற்குப் பிறகு அவருக்கு வேகம் என்றால் காற்றோ சத்தமோ இல்லை, வேகம் என்றால் அந்த இருபத்தைந்து விநாடி. எல்லாம் செய்து முடித்த பிறகும் மிச்சமிருக்கிற அந்தச் சும்மா நிற்கிற நேரம். அதை அவள் பார்த்ததில்லை. பார்க்கவும் வேண்டாம்.

வெலைக்காகப் பாக்கறீங்களா சார், ரெண்டுக்கும் அத்தன வித்தியாசமில்லீங்க என்றாள் தேவகி, இவர் முகத்தைப் பார்த்துவிட்டு. அதெல்லாம் இல்லம்மா என்றார் சுருக்கென்று. விலைக்காகப் பார்க்கிற அப்பனா அவர். கோபத்தில் வாயை விட்டுவிட்டார். பொண்ணு ஓட்டற வண்டிம்மா, வேகமாப் போறா, பி போட்டா நூத்தம்பதுக்குள்ள நின்னுக்கும்ல, அதுக்குத்தான் என்றார். தேவகி கையிலிருந்த பில் புத்தகத்தைக் கீழே வைத்தாள். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார், சிரிக்கவில்லை. நிக்காதுங்க சார் என்றாள். அந்த எழுத்து கடிவாளமெல்லாம் இல்லீங்க. தாங்கறது வேற, தடுக்கறது வேற. வண்டிக்கு என்ன டயர் போட்டிருக்குதுன்னு தெரியுமா, முறுக்குனா அது பாட்டுக்கு நூத்தறுபது போகும். போனா டயர்தான் சூடாகும். சூடேறிச் சூடேறி மேல இருக்கற ரப்பர் பேந்துக்கும், இல்லாட்டிப் படக்குன்னு வெடிச்சுக்கும். நாச்சிமுத்து, எங்க ரயில்ல அப்படி இல்லையே, கொறஞ்சது எதுவோ அந்த வேகத்துலதான் போகணும் என்றார். உங்க ரயில்ல அந்த எழுத்தப் பாத்துட்டு ஓட்டறதுக்கு நீங்க இருந்தீங்க சார், இங்க எழுத்து டயர்ல இருக்குது, டயர் பின்னால இருக்குது, முன்னால பாத்து ஓட்டற புள்ளைக்கு அது எப்படித் தெரியும் என்றாள் தேவகி. அவள் வீட்டுக்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவ சொல்றது கரெக்டுங்க என்பது போலத் தலையாட்டினார். நாச்சிமுத்து பி என்ற அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். முப்பத்துநான்கு வருஷம். தண்டவாளத்தோரப் பலகையில் எழுபத்தைந்து என்று போட்டிருந்தால் எழுபத்தைந்து. எழுபத்தாறு போனால் என்ன ஆகும் என்று அவர் ஒரு நாள்கூட நினைத்துப் பார்த்ததில்லை, போகாத ஊருக்கு வழி எதற்கு என்று இருந்துவிட்டார். எண்தான் வண்டியை நிறுத்துகிறது என்றே நம்பிவிட்டார் போல. அவர் கைதான் நிறுத்தியது, எண் இல்லை. இது இத்தனை வயசுக்கு மேல் ஒரு டயர் கடையில், பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு தெரிய வேண்டியிருக்கிறது.

அதைவிட மோசம் இன்னொன்று. அவள் ஹெச் கேட்டாள். அப்பா மாற்றி வைத்திருப்பார் என்று வருவாள், குனிந்துகூடப் பார்க்கமாட்டாள், பார்த்தாலும் அப்பா சொன்ன காரணத்தை நம்புவாள். நம்பிக்கொண்டு கிருஷ்ணகிரி ரோட்டில் முறுக்குவாள். பச்சை எரிகிறது என்று நம்பி வருகிற டிரைவர் மாதிரி. சிவப்பு எரிய வேண்டிய இடத்தில் பச்சை எரிந்தால் அது எவ்வளவு பெரிய பாவம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிந்துவுக்கே தெரியும். எட்டு வயசில் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்து ஸ்கூலுக்குக் கூட்டிப்போவார். இன்ஜினில் டிரைவரும் அசிஸ்டென்ட்டும் ஒவ்வொரு சிக்னலையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும், ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருப்பிச் சொல்லவேண்டும், இரண்டு வாயும் ஒன்று சொன்னால்தான் அது சிக்னல். ஸ்கூட்டரில் சிந்துதான் அசிஸ்டென்ட். இடுப்பைக் கட்டிக்கொண்டு முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, அப்பா ஸ்பீட் பிரேக்கர் என்பாள். ஸ்பீட் பிரேக்கர் என்று அவர் சொல்லவேண்டும். அப்பா எருமை. எருமை. அப்பா பன்னு விக்கிறவர். பன்னு விக்கிறவர். திருப்பிச் சொல்லாவிட்டால் முதுகில் ஒரு குத்து விழும். ஒரு நாள் ஏதோ யோசனையில் விட்டுவிட்டார், அவள் ஸ்கூல் வாசலில் இறங்கி, நீங்க சொல்லலைன்னா நீங்க பாத்தீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும் என்று கண்ணில் தண்ணீரோடு கேட்டாள். எட்டு வயசு. அந்தப் பிள்ளைக்குத்தான் இவர் இன்று எழுத்தை மாற்றிப் போட வந்திருக்கிறார். அவருக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. போனை எடுத்தார். வேலை நேரம், எடுக்கமாட்டாள் என்று நினைத்தார், எடுத்துவிட்டாள். என்னப்பா, டயர் இல்லையா என்றாள். இருக்குது என்றார். ஹெச் தானே. ஹெச் என்றார். சொன்ன பிறகுதான் ஹெச் டயரின் மேல் தன் கை இருப்பதைப் பார்த்தார். தேவகியும் பார்த்துவிட்டாள், அதை உருட்டிக்கொண்டு போய் வீட்டுக்காரரிடம் கொடுத்தாள். போனில் சிந்து, சரிப்பா வெக்கட்டுமா என்றாள். இரு சாமி என்றார். மிஷினில் ரப்பர் ரிம்முக்குள் ஏறுகிற சத்தம் கேட்டது. எனக்குப் பயமா இருக்குது சாமி என்றார். எதுக்குப்பா. நூத்தறுபதுக்கு. அன்னைக்குச் சிரிச்சேன்ல, சிரிப்பே வரல எனக்கு, சும்மா சிரிச்சேன். நீ நூத்தறுபதுல போறப்ப எதுனா குறுக்க வந்தா நீ பிரேக் போடுவ, போட்டதுக்கப்புறமும் கொஞ்ச தூரம் இருக்குது பாரு, அது எனக்குத் தெரியும், நான் நின்னு பாத்திருக்கேன். லைன் கட்டாகிவிட்டதா என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார், இல்லை, விநாடி ஓடிக்கொண்டிருந்தது. திட்டலாம்ல அன்னைக்கே என்றாள் சிந்து. திட்டுனா நீ அப்புறம் எங்கிட்டச் சொல்லமாட்டயே என்றார். சரி எத்தனைன்னு சொல்லுங்க என்றாள், காஷன் ஆர்டர் குடுங்க, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறேன். நூத்திப் பத்து என்றார். நூத்தி இருபது என்றாள். நூத்திப் பத்து என்றார் மறுபடியும். அவள் மூச்சு விடுவது கேட்டது. நூத்திப் பத்து என்று திருப்பிச் சொன்னாள்.

சொன்னாள். செய்வாளா என்பது வேறு. பலகைக்குக் கட்டுப்பட வேண்டியது ஓட்டுகிற கை, அதை இங்கிருந்து பிடித்துக்கொள்ள முடியாது என்று இப்போதுதானே படித்தார். ஆனால் சொன்னாள். மனசு கொஞ்சம் இறங்கி உட்கார்ந்தது. தேவகியின் வீட்டுக்காரர் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்து, காற்றுப் பிடித்து, வண்டியில் மாட்டி, செயின் தளர்வைச் சரிபார்த்து, வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார். டயர் எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளை போலப் பளபளவென்று இருந்தது. சார் ஒண்ணு சொல்லீர்றேன் என்றாள் தேவகி. புது டயர் மேல ஒரு வழவழப்பு இருக்கும், அது தேஞ்சு போற வரைக்கும் வழுக்கும், மொதல் நூறு கிலோமீட்டர் மெதுவாப் போகணும், வளைவுல சாய்க்கக் கூடாது, சடக்குன்னு பிரேக் போடக் கூடாது, உங்க பொண்ணுகிட்ட மறக்காமச் சொல்லீருங்க. நாச்சிமுத்து சரி என்று தலையாட்டினார். தலையாட்டிக்கொண்டே கணக்குப் போட்டார். சனிக்கிழமை காலை அவள் ஓசூருக்குக் கிளம்புவாள். முதல் நூறு கிலோமீட்டர் என்றால் சேலம் தாண்டி, தொப்பூர் ஏற்றம். லாரிகள் மூச்சு முட்ட ஏறுகிற அந்த வளைவுகள். வழவழப்போடு. நூறு கிலோமீட்டர்ங்களா என்று கேட்டார். ஆமாங்க, நூறு போனாப் போதும், அப்புறம் பிடிச்சுக்கும். யார் ஓட்டுனாலும் தேயும்ல என்றார். டயருக்கு ஆளு தெரியுங்களா சார் என்றாள் தேவகி, பிறகுதான் அவர் எதற்குக் கேட்டார் என்று புரிந்து, முட்டி வலிக்குதுன்னு சொன்னீங்க என்று இழுத்தாள். வலிக்கத்தாம்மா செய்யும் என்றார் நாச்சிமுத்து, காலைத் தூக்கி வண்டி மேல் போடும்போது வலிக்கவும் செய்தது.

ருக்மணி கூப்பிட்டாள். டயர் வாங்கப் போனீங்களா, செய்யப் போனீங்களா, ரசம் ஆறுது என்றாள். நீ சாப்புடு, நான் வர மூணு மணி ஆகும் என்றார். எதுக்கு மூணு மணி என்று அவள் கேட்பதற்குள், சாயங்காலம் சொல்றேன் எல்லாத்தையும் என்றார். எல்லாத்தையும் என்று சொன்னது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. சொல்லத்தான் வேண்டும், கேட் கதை உட்பட. கடை வாசலிலிருந்து வலப்பக்கம் திரும்பினால் வீடு. இடப்பக்கம் திரும்பினார். திண்டல், பெருந்துறை, விஜயமங்கலம், செங்கப்பள்ளி. அதையும் தாண்டி ஐம்பது ஆனதும் அங்கேயே திரும்பினால் வருவதற்கு ஐம்பது. புதுப் பாதையில் வண்டி ஓட்டுவதற்கு முன்னால் டிரைவரை வெறுமனே கூட்டிப்போய் வழி பழக்குவார்கள், அது மாதிரி டயரைப் பழக்க வேண்டியதுதான். முள் நாற்பதில் நின்றது. அதற்கு மேல் அவர் விடவில்லை. டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனது, ஸ்கூட்டியில் இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு தாண்டிப் போனார்கள், காய்கறி ஏற்றிய ஒரு குட்டி யானை வேன் தாண்டிப் போனது. பின்னால் அந்த வழவழப்பு ரோட்டில் உரசிக்கொண்டே வருவது முதுகில் தெரிவது போல இருந்தது, தெரியாதுதான், இருந்தாலும். கோவில் மேடு தாண்டி ரோட்டில் வெள்ளைக் கோடு தெரிந்தது. ஸ்பீட் பிரேக்கர் என்று வாய்விட்டுச் சொன்னார். சொல்லிவிட்டு, பழக்கதோஷம், பதிலுக்கு ஒரு விநாடி காத்திருந்தார். பிறகு பின்சீட்டில் இருக்கிற பிள்ளைக்காக, ஸ்பீட் பிரேக்கர் என்று தானே திருப்பிச் சொல்லி, மெதுவாக ஏறி இறங்கினார். மீட்டரைப் பார்த்தார். நூறில் மூன்று முடிந்திருந்தது.